பீடியை அணையுங்கள்! நெஞ்சு பிழைக்கும்!

புகை பிடித்தால் என்ன வரும்?

"புற்று நோய் வரும்!"

சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லும். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன்பு அதைத்தான் காட்டுகிறார்கள். சிகரெட் பெட்டியின் மேலும் அந்தப் படம்தான் இருக்கிறது.

அது உண்மை. ஆனால் பாதி உண்மை.

பீடியும் சிகரெட்டும் ஆளைக் கொல்ல இன்னொரு வழி வைத்திருக்கின்றன. அது பலருக்குத் தெரியாது. அதனால்தான், "எனக்குப் புற்று நோய் வரவில்லையே" என்று சொல்லிக்கொண்டு, அடுத்த பீடியைப் பற்ற வைக்கிறார்கள்.

அந்த இன்னொரு வழியின் பெயர், காச நோய். பழைய நாளில் க்ஷயம் என்பார்கள். எலும்புருக்கி என்றும் சொல்வார்கள்.

இந்த நோய்க்கும் நம் செங்கல்பட்டுக்கும் ஒரு பெரிய தொடர்பு உண்டு. அதைச் சொல்லும் முன்பு, ஒரு கணக்கைப் பாருங்கள்.

43 ஆயிரம் சாவுகள்

சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமி ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோவும் அதில் சேர்ந்து உழைத்தார்.

சென்னை நகரிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலும் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். எதனால் இறந்தார்? புகை பிடிப்பாரா? இதுதான் கேள்வி. உயிரோடு இருக்கும் 35 ஆயிரம் ஆண்களைப் பற்றியும் தகவல் திரட்டினார்கள். இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள்.

2003-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. என்ன முடிவு தெரியுமா?

புகை பிடிக்காத ஒருவர் காச நோயால் சாகும் இடத்தில், புகை பிடிப்பவர்கள் நாலரை மடங்கு சாகிறார்கள்!

காச நோயால் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம்!

இன்னும் கேளுங்கள். சென்னை நகரில் புகையினால் வந்த கூடுதல் சாவை இனம் பிரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மூச்சு உறுப்பு நோய். அதில் காச நோயே முக்கியம். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இருதய நோயும் ரத்தக் குழாய் நோயும். புற்று நோய்? நூற்றுக்கு 11தான்.

ஆகவே, "புற்று நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர், வாசலில் காவல் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டவர் போல ஆகிறார்.

நெஞ்சுக்குள் ஒரு துடைப்பம்

புகைக்கும் காச நோய்க்கும் என்ன உறவு?

காச நோய் ஒரு கிருமியால் வருகிறது. பரம்பரையாக வருவது அல்ல. பாவத்தால் வருவதும் அல்ல. ராபர்ட் காக் என்ற ஜெர்மனி நாட்டு டாக்டர், 1882-ம் ஆண்டில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

நோயாளி இருமினால் கிருமி காற்றில் பரவும். பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சோடு இழுப்பார்.

இழுத்தவருக்கு எல்லாம் நோய் வருவது இல்லை. நம் மூச்சுக் குழாயின் உள்பக்கம் மயிர் போன்ற மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளும். வீட்டைப் பெருக்கும் துடைப்பம் போல!

அதையும் தாண்டிக் கிருமி உள்ளே போனால், நுரையீரலில் காவல் காக்கும் அணுக்கள் அதை வளைத்துக்கொள்ளும். கிருமி சாகும். அல்லது அங்கேயே தூங்கிக் கிடக்கும். நம் நாட்டில் பல கோடிப் பேர் நெஞ்சில் அந்தக் கிருமி இப்படித் தூங்குகிறது. அவர்கள் நோயாளிகள் அல்ல.

பீடிப் புகை என்ன செய்கிறது? துடைப்பத்தைக் கெடுக்கிறது. காவலாளியின் கையைக் கட்டுகிறது. தூங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது.

இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

உலகம் பார்த்த செங்கல்பட்டு

"காச நோய்க்கு ஊசி இருக்கிறதே! குழந்தையிலேயே போட்டுவிட்டார்களே!" என்று சிலர் கேட்கலாம்.

இங்கேதான் செங்கல்பட்டு வருகிறது.

அந்த ஊசியின் பெயர் பி.சி.ஜி. அது பெரியவர்களைக் காச நோயிலிருந்து காக்குமா, காக்காதா? உலக டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்க ஒரு மாபெரும் சோதனை நடத்த முடிவு செய்தார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம், அந்நாள் செங்கல்பட்டு ஜில்லா.

அப்போது ஜில்லா மிகப் பெரியது. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019-ம் ஆண்டில்தான் தனியாகப் பிரிந்தது.

1968-ம் ஆண்டில் சோதனை தொடங்கியது. திருவள்ளூர் பக்கத்தில் கிராமம் கிராமமாகப் போனார்கள். சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. ஒரு பகுதியினருக்கு உண்மையான மருந்து போட்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு மருந்து இல்லாத நீரைப் போட்டார்கள். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று 15 ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள்.

முழு முடிவு 1999-ம் ஆண்டில் வெளிவந்தது.

பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காச நோயை அந்த ஊசி தடுக்கவில்லை!

இதனால் குழந்தைகளுக்கு ஊசி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். மூளையைத் தாக்கும் கொடிய காச நோயிலிருந்து சின்னக் குழந்தைகளை அது காக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கட்டாயம் போட வேண்டும். ஆனால், அதே ஊசி 40 வயதிலும் நம்மைக் காக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பெரியவர்களுக்கான புது ஊசியைத் தேடி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை நம் கையில் என்ன இருக்கிறது?

நல்ல சாப்பாடு இருக்கிறது. காற்றோட்டமான வீடு இருக்கிறது. நோய் வந்தால் உடனே மருந்து இருக்கிறது. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம். யாரிடமும் கேட்க வேண்டாம். விரலிடுக்கில் இருப்பதைக் கீழே போட்டால் போதும்!

இதைத்தான் செங்கல்பட்டுப் பாடம் என்கிறேன்.

மருந்து ஒரு கையில், பீடி ஒரு கையிலா?

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரெயிலில் போனால், "தாம்பரம் சானடோரியம்" என்று ஒரு நிலையம் வரும். அந்தப் பெயர் காச நோய் ஆஸ்பத்திரியால் வந்தது. டாக்டர் சவுரிமுத்து என்பவர் 1928-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார். 1937-ம் ஆண்டில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி.

அந்தக் காலத்தில் காச நோய்க்கு நல்ல காற்றும், ஓய்வும், சத்துள்ள சாப்பாடும்தான் சிகிச்சை. பிறகு மருந்து வந்தது. 1956-ம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் படுக்காமல், வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று அந்த நிலையம் உலகத்துக்குக் காட்டியது.

இன்று ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், சாதாரணக் காச நோய் குணமாகிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதந்தோறும் பணமும் உண்டு. 2018-ம் ஆண்டில் அது 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

இவ்வளவு இருந்தும் சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. ஏன்? மருந்தைப் பாதியில் நிறுத்துவது ஒரு காரணம். புகை பிடிப்பது இன்னொரு காரணம். திருவள்ளூர் மாவட்டத்து நோயாளிகளைப் பற்றி 2005-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் இதைச் சொல்கிறது.

காலையில் மாத்திரை. மாலையில் பீடி. இது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கும் வேலை!

முட்டைக்கும் பாலுக்கும் அரசாங்கம் கொடுக்கும் ஆயிரம் ரூபாய், பெட்டிக்கடைப் பீடிக் கட்டுக்குப் போகலாமா? நோயாளியின் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

உளிக்காரர்களே, உஷார்!

இனி மாமல்லபுரத்துக்குப் போவோம்.

ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் சிற்பக் கூடங்கள் நிறைய இருக்கின்றன. நாள் முழுவதும் உளிச் சத்தம் கேட்கும். பல்லவர் காலத்துக் கலை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. 1957-ம் ஆண்டில் அரசாங்கம் அங்கே சிற்பப் பள்ளியும் தொடங்கியது. இன்று அது கல்லூரி.

கல்லைச் செதுக்கினால் தூசி கிளம்பும். இப்போது உளியோடு மின்சார அறுவை எந்திரமும் வந்துவிட்டது. அது மாவு போன்ற நுண்ணிய தூசியைக் கிளப்புகிறது. அந்தத் தூசி நுரையீரலில் போய்ப் படியும். பல ஆண்டு படிந்தால் நுரையீரல் தழும்பு பட்டுக் கெட்டியாகும். அப்படிப்பட்ட நெஞ்சில் காச நோய் எளிதில் குடியேறும்.

கல் தூசி ஒரு பக்கம். அதோடு பீடிப் புகையும் சேர்ந்தால்? இரண்டு எதிரிகளுக்கும் ஒரே வீட்டில் விருந்து வைத்த கதைதான்!

தூசியை முழுவதும் தவிர்ப்பது கஷ்டம். தண்ணீர் தெளித்து அறுக்கலாம். நல்ல முகமூடி போடலாம். ஆனால் பீடியைத் தவிர்ப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. தெய்வத்துக்கு உருவம் கொடுக்கும் கலைஞர், தம் நெஞ்சைத் தாமே செல்லரிக்க விடலாமா?

கடல் குளிருக்குப் பீடியா?

கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கடற்கரை ஓரம் நெடுக மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. விடியும் முன்பே படகு கடலில் இறங்கும்.

"அந்தக் குளிரில் ஒரு பீடி இழுத்தால்தான் உடம்பு சூடாகும்" என்பார்கள்.

இது தவறு. புகையிலையில் நிகோடின் என்ற நஞ்சு இருக்கிறது. அது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கும். விரல்களுக்கு ரத்தம் குறைவாகப் போகும். ஆகவே, கை சூடாவது இல்லை. இன்னும் குளிர்ந்துதான் போகும்! குளிருக்குச் சூடான சுக்குக் காப்பியும், தலையில் ஒரு துண்டும் போதும்.

"பீடி ஏழை வீட்டுச் சரக்கு. சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்றும் சொல்வார்கள். இதுவும் தவறு. பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க, ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். புகை நெஞ்சின் அடி வரைக்கும் போகும்.

2008-ம் ஆண்டில் நாடு தழுவிய ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பீடி பிடிக்கும் ஆண்களின் ஆயுளில் சுமார் 6 ஆண்டு குறைகிறது. சிகரெட் பிடிக்கும் ஆண்களின் ஆயுளில் சுமார் 10 ஆண்டு குறைகிறது. ஒரு நாளைக்கு ஏழு பீடிக்கு உட்பட்டுப் பிடிப்பவருக்கும் ஆபத்து உண்டு என்று அது சொல்கிறது.

வெற்றிலையோடு போடுவதும் புகையிலைதான்

"நான் பிடிப்பது இல்லை. வெற்றிலையோடு ஒரு துண்டு போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான்!"

மீன் கூடை சுமக்கும் பாட்டிமார் பலர் இப்படிச் சொல்வார்கள். இந்தப் புகையிலை காச நோய்க்கு வழி விடும் புகை அல்ல. ஆனால் வாய்ப் புற்று நோய்க்கு ராஜபாட்டை! வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை - இவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ம் ஆண்டில் புற்று நோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். தவிர்க்கக் கூடிய புற்று நோயில் புகையிலையால் வருவதே முதல் இடம் என்பது டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை.

2016-17-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அவர்களில் புகை பிடிப்பவரை விட, மெல்லுபவரே அதிகம்.

"என் தாத்தா தொண்ணூறு வயது!"

"எங்கள் தாத்தா தினம் ஒரு கட்டு பீடி பிடித்தார். தொண்ணூறு வயது வாழ்ந்தார்!" இது பலர் சொல்லும் சாக்கு.

சரி. அந்தத் தாத்தாவோடு பீடி பிடித்த அவருடைய தோழர்கள் எங்கே? ஐம்பதிலும் அறுபதிலும் போனவர்கள் கதை சொல்ல வரமாட்டார்கள். பிழைத்தவரே கதை சொல்கிறார். ரெயில் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்களில் சிலர் பிழைப்பார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கடக்கலாமா?

"என் பணம், என் பீடி. உனக்கு என்ன?" இது இன்னொரு சாக்கு. சின்ன வீட்டில் அப்பா விடும் புகையைப் பிள்ளையும் குடிக்கிறது. அப்பாவுக்குக் காச நோய் வந்தால், முதலில் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குத்தான் கிருமி போகும். பீடி உம்முடையதாக இருக்கலாம். காற்று எல்லோருக்கும் பொது.

"இனிமேல் விட்டு என்ன பயன்? கெட்டது கெட்டதுதான்!" இதுதான் எல்லாவற்றையும் விட மோசமான சாக்கு. இது முழுப் பொய்.

இங்கிலாந்தில் 1951-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 34 ஆயிரம் ஆண் டாக்டர்களை 50 ஆண்டு கவனித்தார்கள். 2004-ம் ஆண்டில் முடிவு வந்தது. புகை பிடித்த டாக்டர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். ஆனால், 60 வயதில் விட்டவர்களுக்கு 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டு. 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டு. 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுப் பத்தும் கிடைத்தது!

எந்த வயதிலும் லாபம் உண்டு. முன்னால் விட்டால் அதிக லாபம்.

விடுவது எப்படி?

பீடியை விட முடியாதவர் மன உறுதி இல்லாதவர் என்று ஏளனம் செய்யக் கூடாது. இழுத்த சில விநாடியில் நிகோடின் மூளைக்குப் போகிறது. மூளை அதற்குப் பழகிவிடுகிறது. கொடுக்காவிட்டால் அடம் பிடிக்கிறது. ஆகவே, திட்டம் போட்டு விட வேண்டும்.

முதலில் நாள் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அன்றோடு ஒரேயடியாக விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதை விட இது நல்லது. 2016-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரே நாளில் விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர், நாலு வாரம் கழித்தும் புகை பிடிக்கவில்லை. சிறுகக் குறைத்து விட்டவர்களில் 39 பேர்தான்.

முதல் நாள் இரவே பீடிக் கட்டு, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வெளியே எறியுங்கள். "அவசரத்துக்கு ஒன்று" என்று ஒளித்து வைக்காதீர்கள்.

முதல் மூன்று நாள்தான் கடினம். தலை வலிக்கும். கோபம் வரும். தூக்கம் கெடும். சிலருக்கு இருமல் கூடும். பயப்பட வேண்டாம். துடைப்பம் மறுபடி வேலை செய்கிறது! இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், மாலையில் காய்ச்சல் வந்தாலும், உடம்பு இளைத்தாலும், சளியில் ரத்தம் வந்தாலும் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆசை எழுந்தால், அது சில நிமிடம்தான் நிற்கும். கடல் அலை போல எழும், விழும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்துங்கள். ஒரு தம்ளர் தண்ணீரை மெல்லக் குடியுங்கள். நாலு முறை மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். ஏலக்காயோ கிராம்போ வாயில் போடுங்கள். எழுந்து நடங்கள்.

தனியாக முடியாவிட்டால், டாக்டரைப் பாருங்கள். ஆசையை அடக்க நிகோடின் மிட்டாய்ப் பசை உண்டு. மாத்திரையும் உண்டு. டாக்டர் சொல்கிறபடி சாப்பிடலாம். போனிலும் யோசனை கேட்கலாம். அரசாங்கத்தின் இலவச நம்பர் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். பீடிக் கட்டின் மேலும், சிகரெட் பெட்டியின் மேலும் இந்த நம்பர் அச்சாகி இருக்கிறது. நோயை விற்கிறவனே மருந்துக் கடைக்கு வழியும் காட்ட வேண்டும் என்பது சட்டம்!

விட்ட பிறகு ஜாக்கிரதை

விடுவது ஒரு நாள் வேலை. விட்டபடியே இருப்பதுதான் பெரிய வேலை.

மூன்று மாதம் பீடியைத் தொடாத ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போவார். பழைய கூட்டாளி நீட்டுவார். "என்னப்பா, ஒண்ணே ஒண்ணு! என்ன ஆகிவிடும்?" என்பார்.

அந்த ஒன்றுதான் மறுபடியும் ஒரு கட்டு ஆகும்!

எந்த நேரம் ஆபத்து என்று முன்பே எண்ணி வையுங்கள். டீக்கடை. சாப்பாடு முடிந்த நேரம். வலை பழுது பார்க்க உட்காரும் நேரம். துக்க வீடு. வீட்டில் சண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, மது. குடித்தால் உறுதி கரைந்துவிடும். பதிலையும் முன்பே தயாராக வையுங்கள். "வேண்டாம் அண்ணே, நான் விட்டுவிட்டேன்." இவ்வளவு போதும். விளக்கம் சொல்ல வேண்டாம்.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்? "எல்லாம் போச்சு" என்று கையை விட்டுவிடாதீர்கள். மீதியைத் தூக்கி எறியுங்கள். அந்த நிமிடமே மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு வென்றவர்கள் ஏராளம்.

ஓர் உண்டியல் வையுங்கள். தினம் 50 ரூபாய் செலவழித்தவர், அதை உண்டியலில் போடட்டும். மாதம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு 18,250 ரூபாய்! பிள்ளையின் படிப்புச் செலவு அதில் அடங்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

தாய்மார்களே! கணவர் பீடியை விட்ட முதல் வாரத்தில் எரிந்து விழுவார். அது அவர் பேசுவது அல்ல, நிகோடின் பேசுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். "உங்களால் முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்றோடு எட்டு நாள் ஆகிறது" என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பத்து மாத்திரைக்குச் சமம்.

பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கி வரச் சொல்லாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதே குற்றம். 2003-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவும் கூடாது.

ஊர் என்ன செய்ய வேண்டும்?

பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2-ந் தேதி முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 200 ரூபாய் வரை அபராதம் போடலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் பஸ் நிலையத்திலும் டீக்கடையிலும் புகையும் இருக்கிறது!

ஆகவே, போலீசாரை மட்டும் நம்பிப் பயன் இல்லை. ஊர் முன்வர வேண்டும்.

மீனவர் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மீன் ஏலம் விடும் இடத்திலும், வலை பின்னும் கூடத்திலும் புகை கூடாது என்று பெரியவர்கள் ஒரு கட்டுப்பாடு போடட்டும். சிற்பக் கூடத்து முதலாளிகள், தொழிலாளிக்குக் கொடுக்கும் இடைவேளை டீயோடு பீடியைச் சேர்க்காமல் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இருமலோடு வரும் ஒவ்வொருவரையும், "பீடி உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால், மாத்திரைச் சீட்டோடு, விடும் வழியையும் சொல்லி அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும்.

"பீடி சுற்றும் ஏழைப் பெண்கள் பிழைப்பு என்ன ஆகும்?" என்று கேட்பது நியாயமே. திருநெல்வேலியிலும் வேலூரிலும் ஏராளமான பெண்கள் அதை நம்பி இருக்கிறார்கள். குறைந்த கூலிக்கு நாள் முழுவதும் புகையிலைத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நல்ல தொழில் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதற்காக, இன்னொரு ஏழையின் நெஞ்சு வேக வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

இன்றே நாள் குறியுங்கள்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். படிக்கத் தெரிந்தவர் இதை உரக்கப் படியுங்கள். பாட்டியும் கேட்கட்டும், அப்பாவும் கேட்கட்டும்.

பிறகு, சுவரில் தொங்கும் நாள்காட்டியை எடுங்கள். ஒரு தேதியில் வட்டம் போடுங்கள். வட்டம் போடும் வேலையை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுங்கள்.

ஊசி காக்காத நெஞ்சை, ஓர் உறுதி காக்கும். அந்த உறுதியை இன்றே எடுங்கள்!